நனையாத தலைக்குக் கிடைத்த கோப்பை

ஆடனாவ்,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்பு மகள் டில்டாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். அப்பா நலமா என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. குட்டி யாகோபுக்குச் சளி விட்டதா? அவனுக்கு நெஞ்சில் தடவ வைத்தியர் கொடுத்த தைலத்தைத் தவிர வேறு எதையும் உன் மாமியாரைத் தடவ விடாதே.

நீ அனுப்பிய செய்தி வந்தபோது என் போன் சமையலறை மேசையில் கிடந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். "ஞானஸ்நானத்துக்கு நீ மட்டும் வாம்மா. அப்பா இப்ப வேண்டாம். இங்க எல்லாரும் செய்தியப் படிச்சிட்டாங்க" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் போனை இருந்த இடத்திலேயே வைத்தார். தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பொறுக்கினார். நல்லதையும் அழுகியதையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். "அவளத் திட்டாத" என்றார். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய், பிள்ளை விழித்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நீ கார்ப் பந்தயத் தடத்துப் பக்கத்தில் வளர்ந்தவள், இதில் பாதி உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முழுசாக எழுதுகிறேன். உன் மாமியாருக்கும், அங்கே செய்தி படித்த மற்ற எல்லாருக்கும் நீ இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

போன குளிர்காலத்தில் லோம் வந்து அப்பாவைக் கூப்பிட்டார். அணி அவருடையது, வண்டிக்கான செலவு பிரிங்மையருடையது. மெத்தைத் தொழிற்சாலை வைத்திருக்கிறாரே, அந்த ஹாஸ்ஸோ பிரிங்மையர்தான். இந்தத் தொடரில் ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்ட வேண்டும். ஒருவர் பந்தயமே தொழிலாக உள்ளவர், மற்றவர் ஆசைக்கு ஓட்டுகிறவர். ஆளுக்குப் பாதி நேரம். தொழில்காரன் துவார்த்தே, போர்ச்சுகல் பையன், தங்கமானவன். ஆசைக்காரர் பிரிங்மையர். அவருக்குச் சொல்லிக்கொடுக்க உன் அப்பா. பந்தயத்தை விட்டு இத்தனை வருஷம் கழித்து மறுபடி டயர் வாசனை கிடைத்ததில் மனிதர் காலையில் பாடிக்கொண்டே முகம் மழித்தார். அந்தப் பாட்டைக் கேட்டு நான் சும்மா இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் இத்தாலியில், மோன்சாவில், பிரிங்மையர் முதல் சுற்றிலேயே வண்டியைத் தடத்தை விட்டுக் கூழாங்கல்லில் இறக்கினார். டயர் சரியில்லை என்றார். அடுத்து பிரான்சில் சுவரில் உரசினார். வெயில் கண்ணில் அடித்ததாம். இரண்டு இடத்திலும் துவார்த்தேதான் கடைசி நேரத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டிக் கொஞ்சம் புள்ளிகளை மீட்டான்.

ஜூனில் ஹாலந்து. ஸாண்ட்ஃபோர்ட்டில் உன் கெர்டா அத்தையோடு நானும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதிப் பந்தயத்தில் கடல் பக்கமிருந்து மழை வந்தது. சாதாரண மழை இல்லை, மணல்மேட்டையே கரைக்கிற மழை. துவார்த்தே வண்டியை உள்ளே கொண்டுவந்தான். இப்போது பிரிங்மையர் ஏறுகிறார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கள் வண்டி ஒன்பதாவது இடத்தில் வெளியே போனது.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் டில்டா. மழை என்றால் எல்லாரும் ஒடுங்கி ஒடுங்கி வளைவின் உள்பக்கமாகப் போவார்கள். இந்த வண்டி மட்டும் வெளிவிளிம்புக்குப் போனது. அங்கேதான் பழைய டயர் ரப்பர் படிந்திருக்காது, ஈரத்திலும் சாலை கொஞ்சம் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வண்டி பின்னால் போனது. கெர்டா என் தொடையில் அடித்து, "ஏய் இர்மா, மெத்தைக்காரன் பேய் மாதிரி ஓட்டுறான்டி!" என்றாள். ஒலிபெருக்கிக்காரன், "மெத்தை விக்கிறவரு இன்னிக்கு மத்தவங்களத்தான் தூங்க வெச்சிருக்காரு!" என்று கூவினான். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிரேக் போடுவதற்கு முன்னால் அந்த ஹெல்மெட் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது. நீ பிறந்த வருஷம் நடந்த விபத்தில் யாருடைய கழுத்து பிசகியதோ, யார் இன்றைக்கும் சூப் குடிக்கும்போதுகூடத் தலையை அப்படிச் சாய்க்கிறாரோ, அவரோடுதான் நான் இத்தனை காலம் குடித்தனம் செய்கிறேன்.

வண்டி முதலாவதாக வந்தது. ஓட்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவசரமாகக் கழிப்பறைப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து மேடைக்கு வந்தவர் பிரிங்மையர். ஹெல்மெட்டுக்குள் அவ்வளவு நேரம் வெந்தவன் தலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? இவர் தலை காய்ந்து, வகிடு எடுத்து, வழவழ என்று இருந்தது. ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. துவார்த்தே மட்டும் குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

விடுதிக்கு வந்ததும் கேட்டேன். அப்பா மறைக்கவில்லை. மழையைப் பார்த்ததும் பிரிங்மையர் அணியின் லாரிக்குள் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறார். வண்டி வெளியே போகாவிட்டால் துவார்த்தேயின் சாம்பியன் பட்டம் போயிற்று, அணியே போயிற்று என்று லோம் கெஞ்சியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே உயரம். உடுப்பை மாற்றி, முகமூடியை இறக்கி, அனுப்பிவிட்டார்கள். "நீ ஏன் போன எக்கார்ட்? மாட்டேன்னு சொல்ல வாய் இல்லயா?" என்று கத்தினேன். கட்டிலில் உட்கார்ந்து சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மழை பெஞ்சுது இர்மா. வண்டி சும்மா நின்னுட்டு இருந்தது."

அது தப்புதான். தப்பில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலை நினைத்து எனக்கு அழுகை வந்ததே தவிர, வெறுப்பு வரவில்லை.

வெறுப்பு யார் மேல் வந்தது என்று கேள். ஜூலையில் இங்கே நம் நூர்பர்க் தடத்தில் பந்தயம். வெயில் நாள், பிரிங்மையர் பன்னிரண்டாவதாக வந்தார். அதற்குள் பத்திரிகைகளில் அவர் படம் வந்திருந்தது. மழை என் பழைய சிநேகிதன் என்று பேட்டி கொடுத்திருந்தார். அவரையும் லோமையும் அப்பா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தார். நான் உருளைக்கிழங்கு அடை சுட்டு ஆப்பிள் கூழோடு வைத்தேன். அந்த மனிதர் என் மேசையில் உட்கார்ந்து, என் முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு, "ஈரத்துல வெளிவிளிம்புதாங்க ரகசியம். அத உணரணும். சொல்லிக்கொடுத்து வராது" என்று உன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார்! விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பொய்யைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். கூழ்ச் சட்டி என் கையில் இருந்தது. மேசைவிரிப்பு புதுசு என்பதால்தான் அவர் தப்பித்தார்.

ஆகஸ்டு கடைசியில் பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயம். அங்கே மலைக்காட்டில் எப்போது மழை இல்லை? காலையிலேயே லோம் ஒரு பையோடு வந்தார். பைக்குள் அந்த உடுப்பு, அந்த ஹெல்மெட். நான் பக்கத்திலேயே நின்றேன், என் காதால் கேட்டதை எழுதுகிறேன். அப்பா பையைத் தொடவில்லை. "அவர் பேர்ல இனிமே ஒரு அடிகூட ஓட்ட மாட்டேன். ஆனா மழைல அவரயும் அனுப்பாத லோம். வண்டிய உள்ளயே வை" என்றார். லோம் சிரித்தார். "மழை ராஜான்னு ஊரே சொல்லுது. வண்டிய உள்ள வெச்சா நான் என்னன்னு சொல்றது?"

ராஜா போனார். வேறு வழி இல்லை, எல்லாக் கேமராவும் அவர் மேல்தான். மேட்டில் ஏறுகிற வளைவில் அவரும் வெளிவிளிம்புக்குப் போனார். வண்டி ஒரு சுழற்சி சுழன்று தடத்துக்குக் குறுக்கே வந்தது. பின்னால் வந்தவள் ஃபெம்கே என்கிற டச்சுப் பெண், உன்னைவிடச் சின்னவள். அவளுக்கு விலக இடமில்லை. அவள் வண்டி சுவரில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்துவிட்டன.

பிரிங்மையருக்குக் கீறல்கூட இல்லை. இறங்கினார், டிவிக்காரர்கள் முன்னால் போய் நின்றார். "அந்தப் பொண்ணு திடீர்னு உள்ள புகுந்துட்டா. நான் எங்க போறது?" என்றார். கேமராவில் பதிந்தது வெறும் தண்ணீர்த் திரை. நடுவர்கள் அவரை நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் தெரியுமா? ஸாண்ட்ஃபோர்ட்டில் அப்படி ஓட்டியவர் இங்கே தானாகத் தடுமாறுவாரா என்று! ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்த பெண் மேல் குற்றம் எழுதப்போனார்கள்.

அப்பா என்னிடம் வந்து, "நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றார். சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "கோட்டப் போட்டுட்டுப் போ, மழை பெய்யுது" என்றேன். வேறு என்ன சொல்வேன்? யாரும் அவரைப் பிடிக்கவில்லை டில்டா. உன் பத்திரிகை அதை எழுதியதா? பிடிபட்டார் என்றுதானே எழுதியது? அவர் தன் காலால் நடந்துபோய், நடுவர்கள் அறைக் கதவைத் தட்டி, ஸாண்ட்ஃபோர்ட்டில் ஓட்டியது நான், இந்த மனிதருக்கு மழையில் ஓட்டத் தெரியாது, அந்தப் பெண்ணை விடுங்கள் என்று சொன்னார்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. பிரிங்மையருக்குத் தடை, மார்ச் வரைக்கும். மார்ச் வரைக்கும் பந்தயமே கிடையாது! பனியில் யார் ஓட்டப் போகிறார்கள்? ஏப்ரலில் மோன்சாவில் புது வண்டியோடு வந்து நிற்பார். லோமுக்கு அபராதம், அணிக்கு இப்போதே வேறு பெயர் வைத்துவிட்டார். பாவம் துவார்த்தே, பட்டமும் போனது, வாயைத் திறக்காமல் இருந்ததற்காகக் கண்டிப்பும் கிடைத்தது. உன் அப்பாவுக்கு? ஆயுள் முழுக்கப் பந்தயத் தடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஓட்டக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது, நம் வீட்டு மாடியிலிருந்து கேட்கிற சத்தத்தோடு சரி. ஸாண்ட்ஃபோர்ட் வெற்றியை அழித்துவிட்டார்கள். அவர் வாழ்நாளில் ஓட்டியதிலேயே அழகான ஓட்டம், இப்போது யார் பெயரிலும் இல்லை.

இது நியாயமா? சொல். ஒருவன் பணத்தைக் கொடுத்து அடுத்தவன் திறமையைப் போட்டுக்கொண்டு மேடையேறலாம். உண்மையைச் சொன்னவனைத்தான் வாசலுக்கு வெளியே தள்ள வேண்டுமா? பேக்கரியில் திருமதி தேலன் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்தட்டும், அவள் ரொட்டி எப்போதும் வேகாததுதான். ஆனால் நீ?

இன்னொன்றும் எழுதாமல் விட மாட்டேன். அப்பா லியேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஃபெம்கேயின் அம்மா உள்ளே விடவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள். தாய், கேட்க வேண்டியதுதான். திரும்பி வந்துவிட்டார். மறுநாள் மறுபடி போனார். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே சத்தம் போட்டாளாம், "விடும்மா அவர!" என்று. கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்தவள் சொன்னது: "நீங்க ஸாண்ட்ஃபோர்ட்ல ஓட்டுனதுக்கு உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு. அது போகாது. ஆனா நீங்க வந்து சொல்லலைன்னா, நான்தான் தப்பு செஞ்சேன்னு என் வாழ்க்க முழுக்க எழுதி வெச்சிருப்பாங்க. உக்காருங்க." அப்பா உட்கார்ந்தாராம். அவ்வளவுதான் என்னிடம் சொன்னார்.

எலும்பு முறிந்த அந்நியப் பெண் கோபத்தையும் வைத்துக்கொண்டு நாற்காலியையும் காட்டினாள். உனக்கு எந்த எலும்பு முறிந்தது மகளே?

கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. என் முழங்கால் பரவாயில்லை. யாகோபுக்கு நீலக் கம்பளிச் சட்டை பின்னி முடித்தேன், கை கொஞ்சம் நீளம், வளர்ந்தால் சரியாகும். அப்பா தினமும் வாசலுக்குப் போய்த் தபால் பார்க்கிறார். எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறார். பாட்டு நின்றுவிட்டது.

நவம்பரில் ஞானஸ்நானத்துக்கு நான் வருகிறேன். இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ எழுதி அவரைக் கூப்பிட வேண்டும், நான் இழுத்துக்கொண்டு வந்ததாக இருக்கக் கூடாது. உன் கையால் இரண்டு வரி போதும். மன்னித்தேன் என்றெல்லாம் எழுத வேண்டாம். வாங்கப்பா என்று எழுது.

உன்னையும் மருமகனையும் பிள்ளையையும் கடவுள் கூடவே இருந்து காக்கட்டும். கொள்ளுத்தாத்தா பெயரை அவனுக்கு நடுப்பெயராக வைக்கிறாயோ இல்லையோ, தாத்தா மடியில் ஒரு முறை உட்கார வை. உங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்குத்தான் இடம் என்றால், அவரை உள்ளே கூப்பிடு. நான் வாசலில் நிற்கிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது, குளிராது.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகமாக எல்லாமும் கொண்ட,
அம்மா இர்மா