முதல் சேதி

என்னங்க,

நீங்கள் நன்றிகெட்ட மனிதர். முகத்துக்கு நேரே சொன்னால் உங்கள் ஆபரேஷன் தையல் பிரிந்துவிடும், அதனால் எழுதித் தருகிறேன்.

மலக்குடல் புற்றுக்கட்டியை எடுத்தபின் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே மாத்திரை போட்டால் தடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது உங்கள் அக்கா எங்கே இருந்தார்? தினமும் மாத்திரை கொடுத்தது நான். அதில் தலை சுற்றியபோது தாங்கிப் பிடித்ததும் நான். ஆபரேஷனில் என்ன ஆனாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட மட்டும் எல்லோருக்கும் மனைவி வேண்டும்.

இன்று சிறுநீர் டியூப்பை எடுத்தார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று நர்ஸ் சொன்னதால், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டீர்கள், ஸ்பீக்கரில்.

“அக்கா, வந்துருச்சு! தானாவே வந்துருச்சுக்கா!”

“என் தம்பிடா நீ! எல்லாம் நான் வேண்டிக்கிட்டதுதான்.”

அவர் வேண்டினாராம். அப்போ மாத்திரை என்ன மிட்டாயா?

என்னிடம் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: “ஏய், குழாயை மூடு.”

மூடினேன்.

அடுத்த வாரம் கட்டியின் பரிசோதனை முடிவு வரும். நல்லதோ கெட்டதோ, அதை முதலில் என்னிடம் சொல்லுங்கள். அக்காவுக்கு அப்புறம் போன் போடலாம். சொல்வீர்களா?

இப்படிக்கு,
குழாயை மூடியவள்