வராத இதழில் என் பெயர்

சார்,

பார்சலைப் பிரித்ததும் அச்சு மை வாசனை குப்பென்று அடித்தது. ஒரு காலத்தில் அந்த வாசனைக்காகவே தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பேன். இன்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பக்கங்களைப் புரட்டினேன். கண்ணை மூடுவதற்கு முன் நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரிகை வரலாறு, ஆண்டு விழா மலராக வந்திருக்கிறது.

நாளிதழ் பிறந்த கதை, புது மெஷின் வந்த கதை எல்லாம் சரி. நாளிதழோடு சேர்த்து நீங்கள் ஆசிரியராக இருந்து நடத்திய காமிக்ஸ் இதழைப் பற்றிய பக்கத்துக்கு வந்தேன். வெளிநாட்டுப் படக்கதைகளைத் தமிழாக்கியது முழுக்க நீங்களாம். கௌபாய் கதையில் சுரங்கத் தொழிலாளி ஒருவன், “ஷிப்டு முடிஞ்சும் மேல வுட மாட்டேங்கறானே, எங்க வூட்ல சோறு ஆறிக்கினு கெடக்குமே” என்பானே, அதற்காக நெய்வேலி மைன்சில் இறங்கிப் பார்த்தீர்களாம். அடப் பாவி மனுஷா, மைன்ஸ் இருக்கும் திசையில் தலைவைத்தாவது படுத்திருக்கிறீர்களா? அது முத்தாண்டிக்குப்பத்துக்காரரான என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்து புலம்பியது. நீங்கள் தபாலில் அனுப்பிய பக்கங்களைக் குவார்ட்டர்ஸ் சமையலறையில் பரப்பிக்கொண்டு நான் எழுதியது. உங்கள் வரலாற்றில் நான் யார் தெரியுமா? அடிக்கடி கடிதம் போடும் நெய்வேலி வாசகி.

ஒரே ஒரு முறை வந்தீர்கள். பண்ருட்டியில் ஏதோ கல்யாணம், அப்படியே எங்கள் வீட்டுக்கு. மீன்குழம்பு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“வருஷக்கணக்கா எழுதிக்கினு கெடக்குது. ஒரு எடத்துலயாவது இது பேரு இருக்குதாங்க?”

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: “அடுத்த இதழ்லயே போட்டுடறேம்மா.”

அடுத்த இதழ் வரவே இல்லை. காமிக்சை நிறுத்திவிட்டதாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஐயோ, நீங்கள் எப்படித் துடிக்கிறீர்களோ என்று ஆறுதல் கடிதம் வேறு எழுதினேன். எனக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்ததா!

இப்போது மலரில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காமிக்சை மூடுவதென்று முடிவெடுத்த மறுநாள்தான் பண்ருட்டிக் கல்யாணமாம். துக்கத்தில் பந்தியில் ஒரு வாய் இறங்கவில்லையாம். ஆக, என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதே உங்களுக்குத் தெரியும்.

நேற்று உங்கள் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன். உங்கள் நினைவாக, வாசகி என்ற முறையில் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். இதுதான் என் நாலு வரி. போட மாட்டார்கள், போகட்டும்.

உங்களைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன், சார். பெயர் வரப்போகிற சந்தோஷத்தில், போதும் போதும் என்ற உங்கள் தட்டில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தேனே, அந்தக் கையைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.