முத்துமாரி துறை

என் செல்ல அம்மா,

ஊரில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தாயை 'நீங்கள்' என்பார்கள். நான் மட்டும் உன்னை 'நீ' என்றே கூப்பிட்டேன், தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், இன்றைக்கும் எனக்கு நீ 'நீ'தான்.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. இங்கே மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் பனி இன்னும் கரையவில்லை. உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுகைதான் வரவேண்டும், கோபமும் சேர்ந்து வருகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

மருதமுறிப்புக்காரர் நாங்கள் மொன்றியலில் ஒரு சங்கம் வைத்திருப்பது உனக்குத் தெரியும். சண்டையில் ஊரே வெளிக்கிட்டுப் போனபிறகு, ஊரின் கதையாவது மிஞ்சட்டும் என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஆற்றங்கரையில் முதன்முதல் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், குளம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வருகிறது. எழுதுபவர் நம் கனகு மாஸ்டர். அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

அதில் நீயும் இருக்கிறாய் அம்மா. எப்படி என்று கேள். 'ஆற்றின் மேற்குக் கரையில் பண்டு தொட்டு முத்துமாரி அம்மன் கோயில் கொண்டிருந்தமையால் அவ்விடம் முத்துமாரி துறை எனப் பெயர் பெற்றது.' படித்தவுடன் சிரிப்புத்தான் வந்தது. கஞ்சிக்கு உப்புக் குறை என்று சொன்ன அப்பாவைச் சட்டுவத்தோடு துரத்திய அம்மன்! பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே எந்தக் கோயிலும் இருந்ததில்லை.

உன் பேத்தி சுபா எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சு ஓடுகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் ஓடாது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "இது அம்மம்மான்ர பேரெல்லோ? அம்மம்மா சாமியோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி, மனிசி" என்றேன்.

கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு நாம் மருதமுறிப்புக்கு வந்தபோது நான் உன் இடுப்பில் இருந்தேனாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து நீயும் அப்பாவும் காடு வெட்டினீர்கள். காடு வெட்டும்வரை எல்லோரும் ஒன்றுதான். தண்ணீர் அள்ளப் போனபோது நாம் தோட்டக்காட்டார் ஆகிவிட்டோம். கிணற்றில் உன் வாளி படக்கூடாது, யாராவது அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். நீ ஒருநாள் நின்றாய். மறுநாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனாய். செங்குத்தாக இருந்த கரையை வெட்டிச் சரித்து, பாலைமரக் குற்றிகளைப் படியாகப் பதித்தாய். 'முத்துமாரியின்ர துறை' என்று ஊர் முதலில் சொன்னது கும்பிட்டு அல்ல, தங்கள் பிள்ளைகள் அதில் இறங்கிவிடக் கூடாது என்று.

நான் வளர்ந்து பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு கோடையில் கிணறு வற்றியது. ஆற்றில் தண்ணீர் நின்ற மடு உன் துறையடியில்தான் இருந்தது. ஊரே குடத்தோடு உன் படியில் இறங்கியது. நீ ஒருவரையும் மறிக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா விடுற?" என்று கேட்டேன். "ஆறு என்னா எங்கப்பன் வீட்டு ஆறா புள்ள?" என்றாய். அதன் பிறகு அந்தப் பெயரில் ஏளனம் இருக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

போன சனிக்கிழமை மெட்ரோ ஏறி, கோட்-டெ-நெய்ஜில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி, "மூச்சு வாங்குது பிள்ளை, முதல்ல தண்ணி குடி" என்று நல்ல கண்ணாடிக் கோப்பையில் கொண்டுவந்து தந்தார். குடித்தேன். உன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன அந்தக் கிணறு மாஸ்டரின் தகப்பனாருடையது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"மாஸ்டர், இது என்ர அம்மாவின்ர பேர். உங்களுக்குத் தெரியாதே?"

"ஓம் பிள்ளை, தெரியும். அம்மன் எண்டால் அவவுக்குப் பெருமைதானே?"

"அம்மா வெட்டின துறை எண்டு எழுதினால் என்ன?"

"எழுதலாம். ஏன் வெட்டினவ எண்டு கேப்பினமெல்லே? பேந்து கிணத்துக் கதை வரும். சனம் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ கிடக்குது, இந்த நேரத்தில இதைக் கதைக்கிறதே?" என்று கேட்டவர் மேலும் சொன்னார்: "செத்துப்போன என்ர ஐயாவை நானே ஊருக்கு முன்னால காட்டிக் குடுக்கட்டோ?"

இடம்பெயர்ந்து போன இடத்தில், காய்ச்சலில் நீ கண்ணை மூடியபோது உன்னைத் தூக்கிச் சுமந்தவர்கள் மாஸ்டருடைய தம்பியின் பிள்ளைகள். மழைக்குள் காய்ந்த விறகு தேடி அலைந்திருக்கிறார்கள். மகன் இல்லாத உனக்குக் கொள்ளி வைத்தவன் அந்தக் கிணற்றுக்காரரின் பேரன். நான் இங்கே தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து எழும்பிப் போய்த் தொலைபேசியில் செய்தி கேட்டவள். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கடைசியில் மாஸ்டரே இறங்கி வந்தார். "சரி, நீயே ரெண்டு வரி எழுதித் தா. அம்மாவின்ர பேரைப் போடுவம். கிணறு மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். 'இந்தத் துறையை வெட்டியவர் முத்துமாரி என்னும் பெண்.' சுபாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன் வெட்டினவ? அங்க கிணறு இல்லையோ?" என்று உடனே கேட்டாள். ஊரையே பார்க்காத பிள்ளைக்கே அந்தக் கேள்வி வருகிறது.

உன்னை அம்மனாக்கிவிட்டால் எல்லோருக்கும் வசதிதான். அம்மனுக்கு வாளி வேண்டாம், அவளைத் தள்ளி நிற்கச் சொன்னவர் என்று எவரும் இருக்கமாட்டார். பிழை செய்தவர்களும் இல்லாமல் போவார்கள், அவர்களோடு நீயும் இல்லாமல் போவாய்.

இன்று காலை மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்து, மாற்றி எழுதியதை வாசித்தேன். 'கிணற்றில் அள்ள விடாததால் முத்துமாரி இந்தத் துறையை வெட்டினார். கிணறு வற்றியபோது ஊர் முழுவதும் இங்கேதான் அள்ளியது. அவருக்குக் கொள்ளி வைத்தவர் அந்தக் கிணற்றுக்காரரின் பேரன்.' "பேந்து எடுக்கிறன் பிள்ளை" என்றார். இன்னும் எடுக்கவில்லை.

நான் செய்தது சரிதானா அம்மா? நீ இருந்திருந்தால், "விடு புள்ள, எல்லாரும் தண்ணி குடிச்சாங்கல்ல" என்று சொல்லியிருப்பாயோ? அதை நினைத்தால்தான் நெஞ்சு உறுத்துகிறது. ஆனால் விட்டுக்கொடுக்கிற உரிமை உனக்குத்தான் இருந்தது, எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அந்த வரிகள் புத்தகத்தில் வராவிட்டால், வெளியீட்டு விழாவில் எழுந்து நின்று என் வாயால் சொல்வேன். அதன் பிறகு ஊர்க்காரர் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டாவிட்டாலும் சரி. நாளைக்கு ஊர்ச்சனம் திரும்பிப் போய், உன் படிக்கு மேலே ஒரு சிலையைக் கொண்டுவந்து வைத்தால், அதற்கு முன்னால் ஒரு தேங்காய் உடைக்க விடமாட்டேன். உனக்கு ஒரு வாளி தண்ணீர் மறுத்ததை முதலில் சொல்லிவிட்டு உடைக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மன் அல்ல, முத்துமாரி என்ற மனுஷி இடுப்பில் சுமந்து வந்த ஒரே மகள்,
செல்வராணி