தோப்பில் பாதி ஜெய்னம்புக்கு

தக்கலை,
26-7-1953

என் கண்மணி கலந்தருக்கு, வாப்பா சொல்லும் சலாம். கொழும்பில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் ரப்புடைய காவலில் சுகமாக இருப்பீர்களாக. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சியும் துவையலும் இறங்குகிறது, கம்பூன்றிப் பள்ளிவாசல் வரை நடக்கிறேன், அதனால் நீ கடையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை.

வாப்பா கண்ணை மூடினால் தங்கச்சி பங்கு என்று சொல்லி மச்சான் தோப்புக்குள் கால் வைப்பார், இப்போதே என் பேருக்கு எழுதிவிடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. முத்திரைத்தாள் வாங்கி முழுத் தோப்பையும் உனக்கென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காவலுக்கு நிற்கும் செல்வதாஸைக் கூப்பிட்டு, "இனி இது கலந்தருக்க தோப்பு, வேறெ ஆரையும் கேற விடப்பிடாது" என்றும் சொன்னேன். உன் தங்கச்சி ஜெய்னம்பிடம் மூச்சு விடவில்லை. பெண்பிள்ளைக்கு எப்படியும் ஆணில் பாதிதானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல் கண்டது. திருவிதாங்கோட்டிலிருந்து ஜெய்னம்பு ஓடிவந்து என் காலடியிலேயே கிடந்தாள், வாந்தி அள்ளினாள், வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டாள். ஒரு நாள் ஜன்னல் வழியே பார்க்கிறேன், மாப்பிள்ளை இபுறாகீம் மழையில் நனைந்துகொண்டு சைக்கிளிலிருந்து விறகுக்கட்டை இறக்குகிறார். நம் தோப்பில் ஓலையும் மட்டையும் குவிந்து கிடக்கும்போது அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் சுமக்கிறார் என்று அவளிடம் கேட்டேன். விடாமல் கேட்டதும், "ஓலை பெறக்கப் போனேன் வாப்பா. இது இனி கலந்தருக்க தோப்பு, ஒங்க வாப்பா ஆரையும் கேற விடாதேண்ணு சொல்லியிருக்காருண்ணு செல்வதாஸ் மறிச்சிட்டாரு" என்றாள். யார் கைக்குப் போய்விடக் கூடாது என்று அந்தத் தாளை எழுதினேனோ, அவர் சுமந்துவந்த விறகில் காய்ந்த வெந்நீர்தான் அத்தனை நாளும் என் உடம்பில் பட்டிருக்கிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன் மோனே. "கூடப்பொறந்த காக்காக்கு குடுத்ததுல எனக்கு வெசனமில்ல. செல்வதாஸுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே, அதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் பள்ளிவாசல் லெப்பையிடம் போய், தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பது மவுத்துக்குப் பிறகு அல்லா பிரித்துவைத்த பங்கு, உயிரோடு இருந்து கையால் கொடுக்கும்போது பிள்ளைகளுக்குள் பேதம் கூடாது, ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சி நிற்க நபிகள் நாயகமே மறுத்துவிட்டார்கள் என்றார். பெற்ற பிள்ளைக்குக் கொடுத்ததை வாப்பா திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன், எடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இனி அவளை மறிக்க வேண்டாம் என்று செல்வதாஸிடமும் நானே போய்ச் சொன்னேன்.

தோப்பை உனக்கும் அவளுக்கும் சரிபாதியாக எழுதப் போகிறேன். இதை உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். ஆனால் அவள்தான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். "காக்கா மனசறிஞ்சு தரணும். காக்கா முகம் கறுத்தா எனக்கு ஒரு ஓலைக்கீத்தும் வேண்டாம்" என்கிறாள். மாப்பிள்ளையிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன், "அதொண்ணும் இல்ல மாமா" என்று சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

கோபம் வந்தால் எனக்கு எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சிக்கு மட்டும் உன் கைப்பட இரண்டு வரி தனியாக எழுது, வாப்பா சொல்லி எழுதியதாக இருக்க வேண்டாம். அவள் இப்போதும் தினம் வருகிறாள், பழையபடியே வாப்பா என்று கூப்பிடுகிறாள். நிமிர்ந்து பதில் சொல்ல எனக்குத்தான் முடியவில்லை.

உன் தொழிலிலும் பிள்ளைகளிலும் அல்லா பரக்கத்துச் செய்வானாக. சுபுஹுத் தொழுகையை விடாதே. மறந்துவிடாதே, தங்கச்சிக்கு எழுதும் உறையின் மேல் என் பேர் வேண்டாம், அவள் பேரையே எழுது.

வெட்கத்தோடு,
உன் வாப்பா
உமர்கண்ணு