கண்ணாடியில் பார்த்த ஆட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வாராவாரம் டிவியில் உன் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். இளைத்திருக்கிறாய், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, அந்தக் கறுப்புக் கோட்டின் மேல்பித்தான் அறுந்து போய் மூன்று மேட்ச் ஆகிறது. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எதிர்வீட்டு நர்ஸ் லீவு முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தாகிவிட்டது. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதற்குள் அவன் நடையே மாறிவிட்டது, வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதிலேயே ஒரு ஆபீசர் தோரணை வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கால்பந்து கிளப் தலைவர் சொன்னதை நீ அப்பாவிடம் போனில் சொன்னபோது நான் அடுப்படியில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய முறைப்படி ஆட வேண்டும், உன் புது முறையில் ஆடித் தோற்றால் அன்றைக்கே கோச் வேலையை விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதானே. அதற்கு உன் அப்பா, "பழைய மாதிரியே ஆடிடும்மா, முதல்ல வேலை இருக்கணும்" என்றார். நீ "சரிப்பா" என்றாய். அந்த "சரிப்பா" எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் பிடிக்காத சட்டையைப் போட்டுவிடும்போதும் இதே குரலில்தான் கையைத் தூக்குவாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் கோச் என்றால் யார், பெரிய கோச் என்றால் யார் என்று ஒரே பட்டிமன்றம். உன் அப்பா கட்சி, கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்தவன்தான் கோச், மற்றதெல்லாம் வாய்ப்பந்தல் என்பது. பஸ் டிரைவர் இல்லையா, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தாயா என்பதுதான் அவர் கணக்கு. உன் மாமாவோ, "ஊருல எல்லாரும் வெட்டுற முடியையே நானும் வெட்டினா எனக்கு எதுக்கு மச்சான் தனி சலூன், யாரும் செய்யாததைச் செய்யறவன்தான் கோச்" என்று கத்திரிக்கோலோடு வந்து நிற்கிறான். புதுமைக்குக் கொடி பிடிக்கிறானே, மருமகள் பக்கம் பேசுவான் என்று பார்த்தால் அதுதான் இல்லை. புதுமை வேண்டும், ஆனால் உன் புதுமை மட்டும் தப்பாம்.

எப்படித் தப்பு என்று உன் அப்பா கேட்டார். நம் காலில் பந்து இருக்கும்போது அந்த வலது ஓரத்துப் பெண் தன் இடத்தை விட்டுவிட்டு நடுவே ஓடி வருகிறாள், அந்த ஓட்டை வழியாகத்தான் கோல் வாங்குகிறோம், அவளை முதலில் வெளியே உட்கார வைக்க வேண்டும் என்றான். உன் அப்பா, "மாப்ள, ஓடி வர்றது இடது ஓரத்துப் பொண்ணுடா" என்றார். இவன் வலது என்கிறான், அவர் இடது என்கிறார். அவர் டிப்போ ஓய்வறையில் பார்த்தவர், இவன் கடையில் பார்த்தவன், இருவரும் ஒரே மேட்சைத்தான் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவும் கரண்டிகளும் ஆட்டக்காரர்களாகிவிட்டன. நீங்கள் தூங்கிவிட்டீர்கள் மச்சான் என்று இவன், உனக்குக் கண் போய்விட்டது மாப்ள என்று அவர், ரசத்தைக் கூட ஊற்ற இடமில்லை. எனக்குச் சட்டென்று தோன்றியது, உன் கடையில் டிவி எங்கேடா மாட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். பின்சுவரில், நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி என்றான். நீ எங்கே பார்ப்பாய் என்றேன். கையில் ஒரு தலை இருக்கும்போது நான் எப்படித் திரும்புவது, நானும் கண்ணாடியில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். இந்த சீசன் முழுக்க உன் ஆட்டத்தை இடம் வலமாகப் பார்த்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத வலது பக்கத்துப் பெண்ணைத் திட்டித் தீர்த்திருக்கிறான். எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்திருக்குமே மாமா என்று உன் தம்பி கேட்டதற்கு, அப்படியே படித்துப் பழகிவிட்டது என்கிறான். உன் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு அவன் செய்த காரியத்துக்காக உன் மாமாவை நான் மெச்சுகிறேன். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு இங்கே வந்து, நீங்கள் தோற்ற மூன்று மேட்சையும் டிவிக்கு நேரே உட்கார்ந்து திரும்பவும் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான், "மச்சான், அந்தப் பொண்ணு உள்ள வர்றதால ஓட்டை விழல. அவ விட்ட இடத்தை நெட்டை போய் மூடணும், நெட்டை கிளம்புறா, பாதியில பழைய இடத்துக்கே திரும்பிடுறா." நெட்டை என்பது உங்கள் நடு ஆட்டத்தில் நிற்கிற அந்த உயரமான பெண், எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். உன் அப்பா ரிமோட்டை வாங்கி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

எனக்கு இது தெரிந்த கதை. எங்கள் தையல் கூடத்தில் காலர் வைக்கிற மெஷினை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினேனே, நினைவிருக்கிறதா. ஆரம்பத்தில் உற்பத்தி படுத்துவிட்டது. பெண்கள் எல்லோருக்கும் தைக்க வேண்டிய துணிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் கை பழைய பக்கம்தான் போகும். மேனேஜர் வந்து, பழையபடி போட்டுவிடுங்கள் என்றார். முறையில் கோளாறு இருந்தால் போடுகிறேன், இது கை பழகாத கோளாறு என்றேன். இன்றைக்கு அந்த மெஷின் ஒரு காலத்தில் ஓரத்தில் இருந்தது என்றே யாருக்கும் நினைவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தன் யோசனையாகக் காட்டுகிறார் மேனேஜர். போகட்டும்.

ஆகவே என் கட்சி இதுதான். பலகையில் அம்புக்குறி போட யாராலும் முடியும். தான் யோசித்தது அடுத்தவர் காலில் இறங்கும்வரை பொறுத்திருக்கிறவள்தான் கோச். பொறுப்பது என்றால் பிடிவாதம் இல்லை, உன் மாமாவைப் போல எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். பார்த்தபின் முறையே தப்பு என்று உனக்கே பட்டால் தாராளமாக மாற்று, அதில் வெட்கம் இல்லை. தலைவர் முறைக்கிறார் என்பதற்காக மாற்றாதே. இன்னொன்று, மைதானத்துக் கோட்டருகே நின்று அப்படிக் கத்தாதே. நீ கத்தும்போது நெட்டை உன்னைத் திரும்பிப் பார்க்கிறாள், திரும்பிப் பார்க்கிற நேரத்தில்தான் கால் நின்றுவிடுகிறது. அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசு, கிளம்பினால் முழுசாகப் போ, தப்பானால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். அந்த ஒரு வார்த்தையை அவளுக்கு இதுவரை நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், பயந்திருக்கிறவளுக்கு அது வாயில் வராது.

தோற்றால் வேலை போகும். போனால் வீட்டுக்கு வா. உன் அறையில் தம்பி சைக்கிளை ஏற்றி வைத்திருக்கிறான், எடுக்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பான். ஆனால் நீ தோற்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை, பெற்ற பாசத்தில் சொல்லவில்லை, மூன்றாவது மேட்சின் கடைசியில் நெட்டை முழுசாகப் போய் மூடினாள், நானும் பார்த்தேன். மாமா டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கத்தி வைக்க மாட்டானாம். உன் அப்பாவுக்கு அன்றைக்கு டூட்டி. இத்தனை வருட சர்வீஸில் ஒரு நாளும் டூட்டி மாற்றிக் கேட்டறியாத மனுஷன், நேற்றுக் கன்ட்ரோலரிடம் போய் நின்றிருக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "அன்னிக்கு மகளுக்கு வேலை இருக்கு" என்றாராம்.

எதிலும் நீ தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், உடம்பும் மனசும் உனக்கு ஒத்துழைக்க வேண்டும், வேறென்ன வேண்டப் போகிறேன். வேளைக்குச் சாப்பிடு. நர்ஸிடம் கறுப்புப் பித்தானும் நூலும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்துக்கொள், டிவியில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா

அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், பேனாவைக் கேட்கிறார்.

அன்றைக்குப் போனில் பேசியது பயந்துபோன தகப்பன். இப்போது டிரைவர் சொல்கிறேன். பாதி வளைவில் ஸ்டியரிங்கை நிமிர்த்தாதே. அப்பா.