நண்டும் நத்தையும் கிடந்த தகர டப்பா

12-6-95, திங்கள்

பொம்மி, இன்னிக்கு மட்டும் ஊசி நாலு உடைஞ்சுது.

சித்தையன் கடையிலிருந்து ஃப்ராக் முப்பது வந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழே ரெண்டு வரிசை ஃப்ரில். "பாக்கியம்மா, ஆகுதா?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்லிவிட்டேன். ஆகாது என்றால் துணிக்கட்டு வேற வீட்டுக்குப் போயிடும். ஃப்ரில் எல்லாம் நீதானே போடுவே. வெட்டுறதும் நேரா ஓட்டுறதும்தான் என் வேலை. பழைய கறுப்பு மிஷினோட வந்த தகர டப்பா பக்கமே நான் போனதில்லை. ஊசிக்குக் கீழே துணியை அமுக்குற சாதாக் காலைக் கழற்றிட்டு மாட்டுற கால்கள் அதுல ஏழெட்டு கிடக்கு. அதுக்கெல்லாம் பேர் வெச்சதும் நீதான். ஓரத்தைச் சுருட்டி மடிக்கிறது நத்தை. ஃப்ரில் சுருக்குறது நண்டு. நண்டு மாதிரியேதான் இருக்கு, சனியன்.

மாட்டினேன். திருகை இறுக்கினேன். மிதிச்சேன். டக்.

அக்கான்னு பத்து வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நீ மாட்டும்போது ஒரு நாள்கூட ஏன் பாக்கலே?

14-6-95

டப்பாவைத் திறந்தால் உன் மகள் அனு ஓடி வருகிறாள். "அம்மா நண்டு" என்கிறாள். மூணு வயசுக்கு அது ஞாபகம் இருக்கு. பிப்ரவரியில நீ செத்துப் போனது மட்டும் இன்னும் தெரியலே.

17-6-95

நண்டு பிடிபட்டது.

அதுக்கு மேலே இடுக்கி மாதிரி ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கு. ஊசியைப் பிடிச்சிருக்கிற திருகுமேல அந்தக் கை உட்காரணும். ஊசி ஏறி இறங்கும்போது அதையும் தூக்கி இறக்கும். அதுதான் துணியைத் தள்ளித் தள்ளிச் சுருக்குது. கால் கொஞ்சம் கோணலா மாட்டியிருந்தா ஊசி ஓட்டையில இறங்காது, இரும்புல குத்தி உடையும். அதனால மிதிக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும். இவ்வளவுதான். இதுக்குப் பத்தொன்பது ஊசி.

முதல் ஃப்ரில் விழுந்ததும் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இனி உன் வேலையும் நான்தான் செய்யணும் என்று அப்போதான் உறைச்சுது.

25-6-95, ஞாயிறு

உன் மாமியார் நஞ்சம்மா வந்தாள். கையில் பை, பைக்குள் உன் கல்யாணப் படம்.

"ஆவணியில பழனிமுத்துக்கு மறுபடி முடிக்கறமுங். பொண்ணு அனூர்ப் பக்கம். மாதேவின்னு பேரு. தையல் தெரியுமுங்."

நாலு மாசம் பொம்மி. நாலே மாசம்.

படத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "அந்த மிஷினு எங்கூட்டுச் சீருங். படத்துல இருக்குது பாருங்."

இருக்கிறது. நீயும் உன் புருஷனும் நிற்கிறீர்கள், பக்கத்தில் மிஷின், அதுக்கும் சந்தனம் குங்குமம். மேடையில் வைத்துப் படம் பிடித்து, மறுநாள் காலையிலேயே தள்ளுவண்டியில இங்கே திரும்பி வந்ததே, அதுக்குத்தான் படம் இல்லை. மேட்டகள்ளி வீட்டுல மிஷின் வைக்க இடமில்லைன்னு சொன்னது இதே வாய்தானே? அஞ்சு வருஷம் நீ பஸ் ஏறி வந்து இங்கேதானே தைச்சே?

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "பிள்ளைக்கும் ஒரு அம்மா ஆச்சு. தசரா வரைக்கும் எதுக்குங், அவ வந்ததும் கூட்டிக்கறமுங்."

தசரா வரைக்கும் அனு பெரியம்மாகிட்ட இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று பதினாறாம் நாள் எல்லார் முன்னாடியும் சொன்னது அவள் மகன்.

26-6-95

ராத்திரி பூரா மிஷின் ஓட்டினேன்.

2-7-95, ஞாயிறு

பழனிமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றார். அனு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினார், வேற ஒண்ணும் இல்லை.

நானே ஆரம்பித்தேன். "தம்பி, மிஷினை எடுத்துக்குங்க. அனு மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். எனக்குன்னு யாரு இருக்கா? பெங்களூருக்குப் போன மனுஷன் போனவர்தான். எனக்குன்னு ஒரு பிள்ளையும் இல்லை. தசரான்னு கெடு வைக்காதீங்க. எப்பவும் இருக்கட்டும்."

"சரிங்க்கா. அம்மாகிட்ட நான் பேசிக்கறன்."

அவ்வளவுதான். கொஞ்சமாவது பேசுவார், யோசிக்கணும் என்பார் என்று பார்த்தேன். பெத்த பிள்ளைக்கு ஒரு பழைய மிஷின் போதும் என்று தோணியிருக்கு அவருக்கு.

எனக்கு மட்டும் என்ன? அந்தப் பேரத்தை ஆரம்பிச்சது யாரு?

5-7-95

ஆட்டோவில் மிஷின் போச்சு. மேசைப் பலகை ஒரு பக்கம், மிதிக்கிற இரும்புச் சட்டம் ஒரு பக்கம்.

"டப்பா ஒண்ணு இருக்குமாமே அக்கா?" என்று கேட்டார் பழனிமுத்து.

"எந்த டப்பா?"

அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். தைக்கத் தெரிஞ்சவதானே வர்றா. தைக்கட்டும், வெறும் சாதாக் காலோட.

10-7-95

சித்தையன் கடை மாடியில் உட்கார்ந்து தைக்கிறேன். மோட்டார் மிஷின். தேவராஜ மார்க்கெட் சத்தம் முழுக்க ஜன்னல் வழியா வருது, அதுக்கு மேல இது போடற சத்தம். நண்டை முந்தானையில் முடிஞ்சு கொண்டு போனேன். மாட்ட முடியலே. இந்த மிஷினில் காலை மாட்டுற தண்டு உசரத்துலயே முடியுது. திருகு ஓட்டை மேலே நிக்குது, நண்டு அதுக்கு எட்டாம கீழேயே நிக்குது.

சித்தையன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, அரண்மனை மியூசியத்திலிருந்து எடுத்துட்டு வந்தீங்களா?"

மத்தவங்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆக டப்பா எனக்கும் உதவாது. அவளுக்கும் உதவாது. அப்படியே கிடக்கட்டும்.

ஒன்பதிலிருந்து ஏழு வரைக்கும் அனு பக்கத்து வீட்டு லீலாகிட்ட.

24-8-95

இன்னிக்கு அவருக்குக் கல்யாணம். நான் கடையில் பட்டனுக்குக் காஜா எடுத்தேன்.

3-9-95, ஞாயிறு

அந்தப் பெண் வந்தாள். தனியா, ரெண்டு பஸ் மாறி.

இருபது வயசு இருக்கும். மூங்கில் குச்சி மாதிரி இருக்கிறாள். உன் தோட்டைப் போட்டிருந்தாள். அதைத்தான் முதலில் பார்த்தேன், பொம்மி. நான் பார்த்ததை அவளும் பார்த்து, முந்தானையைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, முந்தின அக்கா தைச்ச ஃப்ராக்கக் காட்டி இதே மாதிரி வேணும்கறாங் அத்தை. சாதாக் கால்ல அது எப்புடிங் வரும்? அவங்க ஏதோ டப்பா வெச்சிருந்தாங்கன்னு..."

அனு அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யார் மடியிலும் ஏறுகிற பிள்ளை இல்லை அது.

உள்ளே போய் நண்டை மட்டும் எடுத்து வந்தேன்.

"எப்புடிங்க்கா மாட்டறது?"

"திருகை இறுக்கு. மிதி. தானா வரும்."

அந்தக் கையைப் பத்திச் சொல்லலே. சக்கரத்தைச் சுத்திப் பார்க்கச் சொல்லலே. மறந்துட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கலே.

8-9-95

பழனிமுத்து கடைக்கே வந்தார். மாதேவி விரலில் ஊசி ஒடிந்து முனை உள்ளே போய்விட்டதாம். டாக்டர் கீறி எடுத்தாராம்.

"உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானுங்க்கா மாட்டுனா? கேட்டா, நாந்தான் தப்பா மாட்டிட்டன்கறா."

"அப்படியா" என்றேன்.

உடனே கூட்டிட்டுப் போனாராம். வேலைக்கு லீவு போட்டு. உடனே.

உன்னை எப்போ கூட்டிட்டுப் போனோம்? கண்ணு மஞ்சளா இருக்குதுக்கான்னு நீ சொன்னே. ஆர்டர் பாதியில நிக்குது, ரெண்டு நாள் பொறு, முடிச்சுட்டுப் போலாம்னு சொன்னது யாரு? அவர் இல்லே. உன் மாமியார் இல்லே. நான். ரெண்டு நாள் நாலு நாள் ஆச்சு. நத்தைக் காலை மாட்டி ஓரம் மடிச்சுக்கிட்டே இருந்தே. நானும் துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

எழுதிட்டேன். வாயால யாருகிட்டயும் சொன்னதில்லை.

10-9-95, ஞாயிறு

டப்பாவை எடுத்துக்கொண்டு மேட்டகள்ளி போனேன். அனுவையும் கூட்டிப் போனேன்.

நஞ்சம்மா வாசலிலேயே பிடித்தாள். "இல்லவே இல்லைன்னீங்களே, இப்ப எங்கிருந்துங் வந்துது?"

"அரிசிக்குள்ள கிடந்துச்சு."

"எங்கூட்டு அரிசியில கல்லுத்தானுங் கிடக்கும். உங்கூட்டுல இரும்பே கிடக்குதாட்ட இருக்குது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மாதேவி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடியே தைத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரில் விழுந்துகொண்டிருந்தது. என்னுடையதைவிட நெருக்கமா, ஒரே சீரா.

"ஊசித் திருகுமேல அந்தக் கைய மாட்டோணுமுங்க்கா, இல்லீங்களா? அவசரத்துல நீங்க சொல்ல மறந்துட்டீங்."

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில. தெரியும் அவளுக்கு. கோபம் இருந்திருந்தா நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

டப்பாவை மிஷின்மேல் வைத்துவிட்டு வந்தேன். அனு வரமாட்டேன் என்று அழுதாள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

16-9-95

அனுவைக் கடைக்குக் கூட்டிப் போனேன். லீலாவுக்கு உடம்பு சரியில்லை. மத்தியானம் மோட்டார் பெல்ட்கிட்ட கையைக் கொண்டு போயிட்டாள். சித்தையன்தான் ஓடி வந்து தூக்கினார்.

"மகுவை, இவ்வளவு சின்னப் பிள்ளையை, கூட்டிட்டு வராதீங்கம்மா. கை உள்ள போனா அப்புறம் நீங்களும் அழுவீங்க, நானும் அழுவேன்."

அவர் சொல்வது நியாயம்தான். யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால் இப்போதெல்லாம் எல்லாரும் நியாயமாகவே பேசுகிறார்கள்.

18-9-95

லீலா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது அனு நழுவிவிட்டாள். அக்ரஹாரம் கோயில் முக்கில், ஸ்கூட்டர் போற வழியில் நின்றிருக்கிறாள். பூக்காரம்மா பிடித்து உட்கார வைத்திருக்கிறாள்.

லீலா அழுதாள். "எனக்கும் மூணு இருக்குது அக்கா. நான் எத்தனைக்கு ஓடுவேன்?"

பிள்ளைக்காகத்தான் மிஷினைக் கொடுத்தேன். மிஷின் வீட்டில் இருந்தபோது தைச்சுக்கிட்டே பிள்ளையையும் பார்த்துக்கிட்டேன். மிஷினைக் கொடுத்தப்புறம் பிள்ளையை யார் பாப்பா? ஜூலை மாசம் இது எனக்கு ஏன் தோணலே? உன் புருஷனுக்காவது தோணியிருக்குமா? தெரிஞ்சேதான் உடனே சரின்னாரா? அவ்வளவு யோசிக்கிற ஆளும் இல்லையே அவர்.

21-9-95

காலை முதல் பஸ்ஸில் அனுவை மேட்டகள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன். சாயங்காலம் கூட்டி வருகிறேன். தசரா வேலை முடியற வரைக்கும் மட்டும். மாதேவியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"விடுங்க்கா, நான் ஊட்லயேதான் உட்காந்து தைக்கறன்" என்றாள்.

27-9-95

கூட்டிவரப் போனபோது அனு தூங்கிப் போயிருந்தாள். "எதுக்குங்க்கா எழுப்பறது? நாளைக்குக் காலையில இங்கேயேதானுங் வரப்போறா" என்றாள் மாதேவி.

பஸ்ஸில் மடி காலியா உட்கார்ந்து வந்தேன். டிக்கெட் கொடுக்கிறவன்கூட இன்னிக்குப் பாப்பா இல்லையா என்று கேட்டான்.

28-9-95

இன்னிக்கும்.

4-10-95

நேத்து தசரா. ஊரே ஊர்வலம் பார்க்கப் போச்சு. கடை லீவு. அனுவை யானை பார்க்கக் கூட்டிப்போகலாம் என்று மேட்டகள்ளி போனேன். அவங்க மூணு பேரும் முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்களாம். நஞ்சம்மா மட்டும் இருந்தாள். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

தசரா வேலையும் முடிஞ்சுது. இனி என்ன சொல்லி விடறது, என்ன சொல்லிக் கூட்டிவர்றது?

15-10-95, ஞாயிறு

அனுவோட துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டு போய்க் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பழனிமுத்து மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே கொண்டு போய் வைத்தார். மிஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுவாரான்னு ஒரு நிமிஷம் நின்னேன். சொல்லலே. எதுக்குச் சொல்லணும்? அதுல அவ தைக்கிறா.

மாதேவி வாசலில் எனக்குச் செருப்பை எடுத்து வைத்துவிட்டு, மெதுவா கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? தலைக்குத் தண்ணி ஊத்துனா பிள்ள அலறுறா. மூச்சே நின்னு போயிருமாட்ட இருக்குது. முந்தின அக்கா எப்புடிங் குளிக்க வெப்பாங்?"

என்கிட்டயும் அலறுவாள். நான் முதுகுல ஒண்ணு வெச்சு, ஊத்திடுவேன். அதை எப்படி அவகிட்டச் சொல்ல? "பார்த்துப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நீ இங்கே தைக்க வந்த நாளெல்லாம் பின்னாடி குழாயடியில அவளுக்குத் தலைக்கு ஊத்துவே. உள்ளே எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும், உன்னோடதும் அவளோடதும். நான் துணி வெட்டிக்கிட்டிருப்பேன்.

எப்படி ஊத்துவே, பொம்மி?