வரும் என்றீர்கள், எப்போது என்றேன்

நாம் இருவரும் செய்த வேலையைச் சாட்சியாகக் காட்டி, கலா என்ற நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிந்ததும் ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. தவறு அவள்மேல் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால், தலைமாட்டில், நர்ஸைக் கூப்பிட நாம் செய்த மணி தொங்குகிறது. வெள்ளை வயர், நுனியில் சிவப்புப் பொத்தான். மணிப் பெட்டியின் ஓரத்தில் அதே ஒட்டுத்தாள்: ‘எந்த அழைப்பும் தவறாது. கணித முறையில் நிரூபிக்கப்பட்டது.’ நீங்கள் காலமானபின் உங்களை நினைக்காமலிருக்கப் பழகியிருந்தேன். அந்த ஒட்டுத்தாள் விடவில்லை.

கிண்டி தொழிற்பேட்டையில், அந்த மணியைச் செய்த நம் கம்பெனியில், ஒரு மதியம் கேன்டீனில் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கணிதம் படித்தவர். நான் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து, பழைய புத்தகங்களைத் துணையாக வைத்துக்கொண்டு, நானாகவே கற்று மேலே வந்தவன். நிரூபணம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“இதோ பாரும், ஓய். மாவு இருக்கு, கல்லு இருக்கு, மாஸ்டர் இருக்கார். எந்த வழியில போனாலும் தோசை இந்த டேபிளுக்கு வந்தே தீரும்னு காட்டிட்டா, நிரூபணம் முடிஞ்சுது.”

“எப்ப வரும் வாத்தியாரே?”

“அது என் டிபார்ட்மென்ட் இல்லே.”

“பசி செத்தப்புறம் வந்தா அதுக்குப் பேரு தோசையா? வரட்டி.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், தோசைக்குக்கூடவா மீட்டிங்கு?” என்றார்.

சிரித்தோமே தவிர, நம் சண்டை முழுவதும் அதுதான். அந்த மணி இயந்திரம் இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் வட்டங்களாக வரைந்து, அம்புக்குறிகளால் இணைத்து, நோயாளி அமுக்கிய அழைப்பு எந்த மூலையிலும் சிக்காமல் நர்ஸின் விளக்குப் போர்டுக்குப் போய்ச் சேரும் என்று காட்டினீர்கள். அந்தப் படத்தில் கடிகாரம் கிடையாது. எனக்கோ கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கூட்டம் கூடினால் வரிசை எவ்வளவு நீளும், ஒவ்வோர் அழைப்பும் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதே என் வேலை.

ஒரு மழைக்காலம் முழுக்க, மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் அம்புக்குறி ஒவ்வொன்றின்மேலும் என் காத்திருப்பு நேரத்தை எழுதினோம். “ஆத்துல கால் வைக்க எடமில்லே. இதென்ன ரெண்டு பேரும் கோலம் போட்டுண்டிருக்கேளா?” என்று மாமி காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படிச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழைப்பு தொலையக்கூடாது என்பதற்காக, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் நிரூபணம் நின்றதே அதன்மேல்தான். சின்ன வார்டில் தொல்லையில்லை. நிறையப் படுக்கைகளை ஒரே இணைப்பில் மாட்டி, எல்லோரும் ஒரே சமயத்தில் அமுக்கினால், திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட அழைப்புகளே பாதையை அடைத்தன. அப்போதும் எதுவும் தொலையாது. வரும். ஆள் விழுந்தபின் வரும்.

படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “தனித்தனியாப் பார்த்திருந்தா, ரெண்டு பேருமே ஜம்பமாக் கையெழுத்துப் போட்டிருப்போம், ஓய்.”

முதலாளி அப்படித் தனித்தனியாகத்தான் கையெழுத்துக் கேட்டார். உங்கள் நிரூபணம் ஒரு தாள். சின்ன வார்டில் நான் அளந்த வேகம் இன்னொரு தாள். எத்தனை படுக்கைவரை என்ற வரி இரண்டிலும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். “நான் எழுதினது பொய்யில்லையே” என்றீர்கள். “உண்மைய வெச்சே பொய் சொல்றானுங்க, நீங்களும் கூட நிக்கிறீங்க” என்று கத்திவிட்டு வேலையை உதறினேன். என்னைக் கேட்காமலே என் தாளையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்று சரி நான்தான். இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை போன் செய்தீர்கள். “சேர்த்துத்தான் போட்டிருக்கணும். ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாமா, ஓய்?”

“இப்ப இன்னாத்துக்கு? அப்ப எங்க போச்சு புத்தி?” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பின் உங்கள் குரலை நான் கேட்கவேயில்லை.

இனி மருத்துவமனையில் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் தி. நகரில் நகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. புதிதாகக் கட்டிய பகுதியின் படுக்கைகளையும் பழைய இணைப்பிலேயே மாட்டியிருக்கிறார்கள் என்று கலா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். மாலை, பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க ஜனம். அண்ணாச்சி பாத்ரூம் போக மணியை அமுக்கினார்.

“அமுக்கிட்டே இருக்கேன், ஒரு ஆளையும் காணோமே. கோயில் மணியா இருந்தாலும் சாமியாவது திரும்பிப் பாக்கும்” என்றார் என்னிடம்.

என் கட்டிலிலிருந்து போர்டு தெரியும். அதற்கு எதிரில்தான் கலா நின்று மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். போர்டில் அண்ணாச்சியின் விளக்கு எரியவில்லை. ‘கலா’ என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாள். நான் கொடுக்கவில்லை. கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷத்தில், வாத்தியாரே, எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அண்ணாச்சி தானே எழுந்தார், விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவர் கத்தியபின்தான் விளக்கு எரிந்தது.

“கால் மிஸ் ஆகாதுன்னு ப்ரூஃப் இருக்கு. கம்ப்யூட்டர்லயும் வந்ததா இருக்கு. அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?” என்றார் சூப்பர்வைசர்.

“அவரு வுழுந்தப்புறந்தான் மேடம் வெளக்கு எரிஞ்சிச்சு. என் கண்ணு முன்னாடிதான் போர்டு கீது. சத்தியமா மேடம்.”

“மெஷின் பொய் சொல்லுது, நீ உண்மை சொல்றியா?”

நான் வாயைத் திறந்து, மெஷின்தான் தாமதம் என்றேன். “பெரியவரே, தையல் பிரிஞ்சிடும், படுங்க” என்று சூப்பர்வைசர் என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற கலா, பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

நடக்க முடிந்ததும் கிண்டிக்குப் போனேன். இப்போது முதலாளியின் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

“ப்ரூஃப் பொய்யா அங்கிள்?”

“இல்ல.”

“ஸ்பீட் ரிப்போர்ட் பொய்யா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன அங்கிள் பிரச்சினை?”

உங்களிடம் கத்தத் தெரிந்த நான், அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். நீங்கள் கூப்பிட்ட அன்று வந்திருந்தால் இருவருமாகச் சொல்லியிருப்போம். சரியாக இருந்தேன் என்பதையே இத்தனை வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

செய்ய வேண்டியவை இவை. முதலாளியின் மகன் இரண்டு தாள்களையும் ஒன்றாக்கி, எத்தனை படுக்கைவரை என்ற வரியைச் சேர்த்து, மணி மாட்டிய எல்லா இடங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்த ஒட்டுத்தாளை அவன் கையாலேயே கிழிக்க வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் புதுப் பகுதிக்குத் தனி இணைப்புப் போட வேண்டும். சூப்பர்வைசர் கலாவை, திட்டிய அதே வார்டில், எல்லோர் முன்பும் திரும்ப அழைக்க வேண்டும். நான் அந்தப் படத்தை மறுபடி வரைய வேண்டும். உங்கள் வட்டங்கள் ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். அதில் உங்கள் பெயரை முதலில் எழுத வேண்டும். விசாரணை நாளில் கலாவின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அப்போதே சொன்னேன் என்று ஆரம்பிக்கக் கூடாது. கூப்பிடாமல் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். பிறகு அண்ணாச்சியின் கட்டிலருகே போய், அதையே அவரிடமும் சொல்ல வேண்டும்.